எட்டாம் எண் பிள்ளைகள்

நூர் நிஷாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த வேலை கம்ப்யூட்டர் சொல்லித்தருவது, கணக்கு அல்ல. 1998 ஜூனில் அவள் சேர்ந்தபோது, நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்து பிளாக்கில் இருந்த அந்த நடுநிலைப் பள்ளிக்கு, ஏதோ ஓர் அலுவலகம் வேண்டாமென்று ஒதுக்கிய மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரு பிரிண்டரும் வந்து இறங்கியிருந்தன. அவற்றை இயக்கத் தெரிந்த ஆளைத் தலைமையாசிரியர் சக்கரபாணி தேடிக்கொண்டிருந்தார். மெயின் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பரீதின் மனைவி கணக்கில் பட்டம் வாங்கியவள், கடலூரில் கம்ப்யூட்டரும் படித்தவள் என்று யாரோ சொல்ல, கடைக்கே வந்து கேட்டார். பரீத், அவளைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். அவள் அன்று மாலையே சரி என்றாள்.

அவள் பிறந்தது நெல்லிக்குப்பம். அத்தா ரேடியோ ரிப்பேர் செய்பவர். கொண்டுவந்த ரேடியோவை உடனே திறந்துவிட மாட்டார். முதலில் அதைப் பாடவிட்டு, அது எப்படிக் கரகரக்கிறது என்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். நூர் நிஷாவுக்கும் அந்தப் பொறுமை இருந்தது. பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லாமல், இரண்டு நாள் கழித்து வந்து சொல்லுவாள்.

பள்ளியில் அவளுக்கு வந்த முதல் பெரிய வேலை வினாத்தாள். ஐந்தாம் வகுப்பில் மூன்று பிரிவுகள். காலையில் பரீட்சை எழுதிய ‘ஏ’ பிரிவுப் பிள்ளைகள் சாப்பாட்டு வேளையில் கேள்விகளைச் சொல்லிவிட, மதியம் எழுதும் ‘சி’ பிரிவு விடையோடு வந்து உட்காரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு எண்கள் உள்ள கணக்காகக் கம்ப்யூட்டரே போட்டுத்தருமா என்று சக்கரபாணி கேட்டார். ஒரு வாரத்தில் அவள் ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். பொத்தானை அழுத்தினால் போதும். பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று தாளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்த தாள்களில் ஒரே கணக்கு வராது; வந்த கணக்கு பத்துத் தாளுக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். பரீட்சையன்று சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுப் பார்த்துவிட்டு விழித்தார்கள். சக்கரபாணிக்கு மிகுந்த சந்தோஷம்.

சந்தோஷப்படாதவர் ஸ்டெல்லா டீச்சர் ஒருவர்தான். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர்; நாற்பதைத் தாண்டியவர்; கணவர் ஜெரால்டுக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. திருத்திய தாள்களில் இரண்டை எடுத்துக்கொண்டு அவர் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்.

“இந்தப் பிள்ளைக்கு அறுபத்திமூணுல முப்பத்தெட்டு. பக்கத்துப் பிள்ளைக்கு அறுபத்தெட்டுல முப்பத்திமூணு. உங்க மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கலாம் நூர். எங்களுக்கு இல்ல. முதல் கணக்குல கடன் வாங்கணும், ரெண்டாவதுல வேண்டாம்.”

நூர் நிஷா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கழித்தலில் மேலே உள்ள இலக்கம் சிறியதாக இருந்தால் பக்கத்திலிருந்து பத்தைக் கடன் வாங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கேள்வி போடும்போது அது நினைவுக்கே வரவில்லை. எண்ணை மாற்றினால் கேள்வியே மாறிவிடும் என்பது அவள் யோசித்திராத விஷயம்.

திருத்திய தாள்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் அவற்றைப் புரட்டினாள். சரியான விடைகளைவிடத் தப்பான விடைகள் அவளை அதிகம் இழுத்தன. அறுபத்திமூன்றில் முப்பத்தெட்டு போனால் இருபத்தைந்து. அந்தக் கணக்கு வந்து தப்பாகப் போட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் முப்பத்தைந்து என்றே எழுதியிருந்தார்கள். ஊகித்து எழுதியிருந்தால் ஆளுக்கொரு விடை வந்திருக்க வேண்டும். பிள்ளைகளிடம் ஏதோ ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் தவறாமல் நடக்கிறார்கள், அது தப்பான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவுதான் என்று அவளுக்குப் பட்டது.

ஸ்டெல்லா டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். இருபது வருடமாகப் பார்க்கிறேன், அதெல்லாம் தெரிந்ததுதான் என்றார். சில பிள்ளைகள் எது மேலே எது கீழே என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடும். சில பிள்ளைகள் கடன் வாங்கும். ஆனால் கொடுத்தவரிடம் ஒன்று குறைக்க மறந்துவிடும். வகுப்பில் ஐம்பது பேர் இருக்கும்போது எந்தப் பிள்ளை எதைச் செய்கிறது என்று உட்கார்ந்து பார்க்கத்தான் நேரமில்லை.

“அதை மிஷின் பார்க்கட்டுமே டீச்சர்” என்றாள் நூர் நிஷா.

அவள் நினைத்தது இதுதான். கேள்வி போடும்போதே சரியான விடையோடு, ஒவ்வொரு தப்பு வழியிலும் போனால் என்ன விடை வரும் என்பதையும் கம்ப்யூட்டர் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பிள்ளை எழுதிய விடையைத் தட்டினால், அது எந்த வழியில் போயிருக்கிறது என்று சொல்லிவிடும். மதிப்பெண் தராது. எங்கே இடறுகிறது என்பதை மட்டும் காட்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது பரீத் சோற்றில் கை வைத்தபடியே கேட்டான். “அப்போ மிஷினுக்குத் தப்பு பண்ணக் கத்துக்குடுக்கிறியா?”

ஆமாம் என்றாள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றாள்.

நிஜமாகவே கஷ்டமாகத்தான் இருந்தது. பள்ளி விட்ட பிறகு இருவரும் உட்காருவார்கள். முதல் ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றி வரும் பஸ்கள் வெளியே போய்க்கொண்டிருக்கும். ஸ்டெல்லா டீச்சர் பிள்ளையாக மாறி ஒவ்வொரு கணக்கையும் தப்பாகப் போட்டுக் காட்டுவார். நூர் நிஷா அதைப் புரோகிராமில் எழுதுவாள். ஒருநாள் அறுபத்திமூன்றும் முப்பத்தெட்டும் மறுபடி வந்தன. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கும் பிள்ளைக்கு முப்பத்தைந்து வந்தது. கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறக்கும் பிள்ளைக்கும் அதே முப்பத்தைந்து வந்தது. நூர் நிஷா புரோகிராமில் பிழை என்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தாள். பிழை இல்லை. இரண்டு வழியும் ஒரே ஊருக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

முந்தின பரீட்சையில் முப்பத்தைந்து எழுதிய அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே கோளாறு என்றுதான் இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அது தப்பு. அந்தக் கணக்கே எதையும் காட்டிக்கொடுக்காத கணக்கு. எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் ஐந்து; பதின்மூன்றில் எட்டு போனாலும் ஐந்து. அறுபத்திமூன்றை அறுபத்திரண்டாக்கினாள். இப்போது ஒரு வழி முப்பத்தாறுக்கும் மற்றது முப்பத்துநான்குக்கும் போயின. சரியான விடை இருபத்துநான்கு. 

“இத்தனை வருஷமா எண்ணை வாய்க்கு வந்தபடிதான போட்டுக்கிட்டிருந்தேன்” என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

அதன்பிறகு வேலை வேறு மாதிரி ஆனது. கம்ப்யூட்டர் எந்த எண்களை எடுத்தாலும், எல்லாத் தப்பு வழிகளும் தனித்தனி விடைக்குப் போகின்றனவா என்று முதலில் பார்க்கும். போகாவிட்டால் அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எண்களைத் தேடும். தப்பு வழியில் போகிற பிள்ளைக்குத் தற்செயலாகச் சரியான விடை கிடைத்துவிடும் கணக்குகளும் வெளியே போயின. கடன் வாங்க வேண்டாத சுலபமான கணக்குகள் சிலவற்றை மட்டும், பிள்ளைகள் பயப்படாமல் தொடங்கட்டும் என்று தாளின் ஆரம்பத்தில் விட்டுவைத்தார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது கழித்தலுக்கு ஏழு வகைத் தப்புகள் தயாராக இருந்தன. அந்தப் பழைய இயந்திரத்தில் தமிழ் எழுத்து வராததால் தப்புகளுக்கு எண் கொடுத்தாள். ஒன்றாம் எண் இன்ன தப்பு, இரண்டாம் எண் இன்னது என்று ஒரு அட்டையில் தன் கையால் எழுதி ஆசிரியர் அறையில் மாட்டினாள். எந்த வகையிலும் சேராத பிள்ளைகளுக்கும் ஏதாவது அச்சாக வேண்டுமே. அதற்கு எட்டாம் எண். அதற்கு எதிரே என்ன எழுதுவது என்று தோன்றாமல் ‘கவனமின்மை’ என்று எழுதினாள்.

ஐந்தாம் வகுப்பு முழுவதற்கும் அந்தத் தேர்வை வைத்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் அச்சான எண்களைப் பார்த்துப் பிள்ளைகளைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து உட்காரவைத்தார். ஒரே தப்பைச் செய்கிறவர்கள் ஒரு கூட்டம். இரண்டு, மூன்று வகுப்புகளிலேயே பலருக்குத் தெளிந்தது. சக்கரபாணி மற்ற வகுப்புகளுக்கும் வேண்டும் என்றார். பிள்ளைகளின் முன்னேற்ற அட்டையிலேயே எழுதி வீட்டுக்கு அனுப்பலாம் என்று அவரே சொன்னார். எண்ணுக்கு எதிரே இருந்த சொல்லை வகுப்பாசிரியர்கள் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மாலை கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். நீலச் சட்டையில் சுரங்கத்து மண் இன்னும் இருந்தது. கூடவே ஐந்தாம் வகுப்புச் சிறுமி. அவர் பெயர் சடையப்பன். கம்மாபுரம் பக்கத்து ஆள். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. சிறுமி அவருடைய மகள் கொளஞ்சி. சடையப்பன் உள்ளே வரவில்லை. முன்னேற்ற அட்டையை நீட்டினார்.

“இதுல கவனமில்லைன்னு எழுதியிருக்குதுங்க. வூட்ல எப்பப் பார்த்தாலும் இது எழுதிக்கினுதான் இருக்குது. கூப்புட்டாக்கூட எழுந்து வராது. அதான் கேக்கலாம்னு வந்தேன். இதைச் சொன்னது யாருங்க? நீங்களா, இந்தப் பொட்டியா?”

கோபமாக அவர் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நூர் நிஷா அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

“நான்தாங்க” என்றாள்.

சக்கரபாணிக்கு அந்தப் பெண்ணைப் பற்றி வேறொரு சந்தேகம் இருந்தது. அவளுடைய தாளில் கடினமான கணக்குகள் எல்லாம் சரி. மிகச் சுலபமானவை எல்லாம் தப்பு. பக்கத்தில் பார்த்து எழுதியிருப்பாள் என்று அவர் அன்று காலைதான் சொல்லியிருந்தார். அது நடக்க வழியில்லை என்று நூர் நிஷா சொல்லிவிட்டாள். பக்கத்துப் பிள்ளையின் தாளில் இருப்பது வேறு எண்கள். பார்த்து எழுதியிருந்தால் அவளுக்கு ஒன்றுகூடச் சரியாக வந்திருக்காது. அப்படியானால் இது என்ன என்று அவர் கேட்டபோது, அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்தாள். கொளஞ்சியை எட்டாம் நம்பர் என்று மற்ற பிள்ளைகள் கூப்பிடத் தொடங்கியிருப்பதும் அன்றுதான் அவள் காதுக்கு வந்தது.

சடையப்பனை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். மண் ஒட்டிவிடும் என்று அவர் மறுத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நூர் நிஷா கம்ப்யூட்டரை அணைத்தாள். ஒரு வெள்ளைத் தாளில் 86, அதற்குக் கீழே 32 என்று எழுதிக் கொளஞ்சியிடம் கொடுத்தாள். சரியாகப் போட வேண்டும் என்பதில்லை, நீ எப்பவும் போடுகிற மாதிரி போடு என்றாள்.

கொளஞ்சி பென்சிலை வாங்கினாள். எட்டை அடித்து மேலே ஏழு என்று எழுதினாள். ஆறுக்குப் பக்கத்தில் ஒன்று போட்டுப் பதினாறாக்கினாள். பதினாறில் இரண்டு போகப் பதினான்கு. அதில் நான்கை மட்டும் எழுதினாள். ஏழில் மூன்று போக நான்கு. நாற்பத்துநான்கு என்று முடித்து, அடியில் ஒரு கோடு இழுத்தாள். இவ்வளவையும் மிகக் கவனமாகச் செய்தாள்.

“எட்டை ஏன் பாப்பா அடிச்சே?”

“கழிக்கிறதுன்னா மொதல்ல பக்கத்துல கடன் வாங்கணும் மிஸ்.”

“ஆறுல ரெண்டு போகுமே?”

கொளஞ்சி அந்த ஆறைப் பார்த்தாள். போகும்தான் என்பது அவளுக்கும் தெரிந்தது. “வாங்காமயே போடலாமா மிஸ்?” என்று கேட்டாள்.

நூர் நிஷா தாளைத் திருப்பினாள். எப்பவும் போடுகிற மாதிரியே போடு என்று இன்னொரு கணக்குக் கொடுத்தாள்; அதிலும் விடை சரியாகப் பத்து குறைந்தது. கடன் வாங்க வேண்டிய கணக்குகளில் அவள் செய்வதுதான் முறை. அதனால் அவை சரியாக வந்தன. வேண்டாத இடங்களிலும் அதையே செய்தாள். ஒரு இடத்தில்கூட அவள் தன் வழியை மாற்றவில்லை. வகுப்பிலேயே இவ்வளவு ஒழுங்காக வேறு யாரும் கணக்குப் போடவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

படியில் உட்கார்ந்திருந்த சடையப்பன்தான் மீதியைச் சொன்னார். சுரங்கத்துக்காக நிலம் போய், அவர்கள் குடும்பம் ஊரை விட்டு வந்தபோது கொளஞ்சி மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். வீடு கட்டி முடிக்கிறவரை ஒரு பருவம் பள்ளிக்கூடமே போகவில்லை. புதிய பள்ளியில் சேர்ந்த அன்று வகுப்பில் கடன் வாங்கிக் கழிப்பது நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின பாடம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு பரீட்சையிலும் பாதிக் கணக்கு சரியாக வந்துவிடும். பாதி மதிப்பெண் வாங்குகிற பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

நூர் நிஷா சிவப்பு மையில் இருந்த அந்தச் சொல்லை அடித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தைப் போட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் இரண்டு காரியம் செய்தாள். கொளஞ்சியின் வழியையும் புரோகிராமில் சேர்த்தாள். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு ஆசிரியர் அறைக்குப் போய் அட்டையில் ‘கவனமின்மை’ என்பதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, ‘எங்களுக்குத் தெரியவில்லை, பிள்ளையைக் கேட்கவும்’ என்று எழுதினாள்.

இதைச் சக்கரபாணியால் ஏற்க முடியவில்லை. அவர் கெட்டவர் அல்ல. பள்ளிக்கூடத்தை எப்படியாவது மேலே கொண்டுவர வேண்டும் என்று நினைத்தவர். “கேட்கவும்னு எழுதினா அது ரிசல்ட்டா டீச்சர்? மேலே இருந்து பார்க்க வர்றவங்க சிரிப்பாங்க” என்றார்.

“தெரியாததுக்கு ஒரு பேர் வெச்சா அது தெரிஞ்ச மாதிரி ஆயிடுது சார். அதுதான் நடந்துச்சு.”

அவர் நீண்ட நேரம் வாதாடினார். அவள் மாற்றவில்லை. வேண்டுமென்றால் இந்தத் தேர்வையே நிறுத்திவிடலாம் என்று மட்டும் சொன்னாள். நிறுத்த அவருக்கு மனமில்லை. அந்த வரி அப்படியே இருந்தது.

எட்டாம் எண்ணில் இருந்த பிள்ளைகளை அவளும் ஸ்டெல்லா டீச்சரும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்கள். இரண்டு பேரிடம் புதிய வழிகள் இருந்தன. ஒரு பெண்ணுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மூன்றும் எட்டும் அவளுக்கு ஒன்றுபோலத் தெரிந்தன. ஒரு பையன் நிஜமாகவே வாய்க்கு வந்ததை எழுதியிருந்தான், அவனே ஒப்புக்கொண்டான். மற்றவர்களிடம் எவ்வளவு கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. அதுவும் அப்படியே விடப்பட்டது.

அடுத்த சில வருடங்களில் புரோகிராம் வளர்ந்தது. பெருக்கல், பின்னம், தசமம் எல்லாம் சேர்ந்தன. கொளஞ்சி எட்டாவது முடித்து வேறு பள்ளிக்குப் போனாள்; கணக்கில் நடுத்தரமாகவே இருந்தாள், தமிழில்தான் முதலில் வந்தாள். சக்கரபாணி ஓய்வு பெற்றார். புதிதாக வந்த தலைமையாசிரியர், சென்னைக் கம்பெனி ஒன்று விற்ற குறுந்தகடுகளை வாங்கினார். அதில் படங்கள் நகரும், சரியான விடைக்குக் கைதட்டல் கேட்கும், கடைசியில் மதிப்பெண் வரும். பெற்றோர்களுக்கு அது பிடித்திருந்தது. நூர் நிஷாவின் தாள்களை ஸ்டெல்லா டீச்சரின் வகுப்பில் மட்டும் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பரீத் கண்டுபிடித்துக் கேட்டபோது, கைதட்டல் சத்தத்தை நான் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாள்.

2003இல் கம்மாபுரத்தில் ஒன்றிய ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. ஸ்டெல்லா டீச்சர் அவளை வற்புறுத்தி அழைத்துப்போய்ப் பேசவைத்தார். அவள் சரியாகப் பேசவில்லை. பாதிப் பேர் வெளியே டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஆனால் மாணிக்கம்மாள் என்ற ஆசிரியை கடைசிவரை உட்கார்ந்திருந்து, பிறகு அருகில் வந்தார். தன் பள்ளியில் இருப்பது இரண்டே ஆசிரியர்கள், கம்ப்யூட்டர் என்ன, கரண்டுகூடச் சரியாக வராது, எங்களுக்கு இது எப்படிப் பயன்படும் என்று கேட்டார்.

நூர் நிஷா வழக்கம்போல அப்போது பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் மாணிக்கம்மாளின் பள்ளிக்கு ஒரு கட்டுத் தாள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தனித்தனி வினாத்தாள். கூடவே ஒவ்வொரு தாளுக்கும் எந்த விடை வந்தால் எந்த வழி என்று எழுதிய ஒரு சீட்டு. அதை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் இல்லாமலே பார்த்துவிடலாம். அந்த ஆண்டே பக்கத்து ஊர்ப் பள்ளிகள் இரண்டும் கேட்டு வாங்கிக்கொண்டன.

அந்தக் குளிர்காலத்தில் மாணிக்கம்மாள் ஒரு பிள்ளையின் விடைத்தாளைத் திருப்பி அனுப்பியிருந்தார். முக்கால் பெரியதா, ஆறில் ஐந்து பெரியதா என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை, இரண்டும் சமம் என்று எழுதியிருந்தது. நாலில் மூன்று, எட்டில் ஏழு என்றாலும் சமம். இந்த மாதிரிக் கேள்வி எல்லாவற்றுக்கும் அதே பதில். நூர் நிஷாவும் ஸ்டெல்லா டீச்சரும் ஒரு மாலை முழுவதும் அதை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எந்த வழியில் போனாலும் சமம் வரவில்லை.

சனிக்கிழமை காலை நூர் நிஷா பஸ் ஏறிக் கம்மாபுரம் போனாள். அங்கிருந்து அந்த ஊருக்கு நடந்தாள். மாணிக்கம்மாள் அந்தப் பிள்ளையை வீட்டிலிருந்து கூட்டிவந்தார். வேலுமணி என்று பெயர். முதலில் பயந்துபோய் நின்றான். நீ செய்ததில் தப்புக் கண்டுபிடிக்க வரவில்லை, எனக்குப் புரியவில்லை, அதனால் வந்தேன் என்று அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். அவள் தாளில் இரண்டு நீளப் பட்டைகள் வரைந்து, ஒன்றை நாலாகவும் மற்றதை ஆறாகவும் பிரித்து, மூன்றையும் ஐந்தையும் பென்சிலால் நிரப்பிக் காட்டினாள்.

அவன் நிரப்பாத கட்டங்களைத் தொட்டான். “இதுல ஒரு துண்டு கொறையுது. இதுலயும் ஒரு துண்டுதான கொறையுது.”

நூர் நிஷா அந்த இரண்டு வெற்றுக் கட்டங்களையும் பார்த்தாள். தப்புதான். ஆனால் முட்டாள்தனமில்லை. அவளும் ஸ்டெல்லா டீச்சரும் நிரம்பிய கட்டங்களையே எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவன் மிச்சத்தைப் பார்த்திருக்கிறான். கொஞ்சம் நகர்த்தினால் அதே வழி சரியான இடத்துக்குப் போகும்.

“சரி, ஒரு துண்டுதான் கொறையுது” என்றாள். “அந்த ரெண்டு துண்டுல எது பெருசு?”

வேலுமணி தலையைச் சாய்த்துப் பட்டைகளைப் பார்த்தான். பதில் சொல்ல வெகு நேரம் எடுத்துக்கொண்டான். மாணிக்கம்மாள் ஏதோ எடுத்துச் சொல்ல வாயெடுத்தார். நூர் நிஷா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவளுக்குத் திரும்பிப் போகும் பஸ் பதினொன்றரைக்கு. அது போனால் போகட்டும் என்று தாளை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.